தாயம் விழுந்தால் இன்னொரு உருட்டு
மேல்நிலைக் கணித ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மேல்நிலை வகுப்புகளில் கணிதம் நடத்தும் ஆசிரியர்களுக்கு,

உங்களிடம் படித்து முடித்த பிள்ளைகளுக்கு அடுத்த ஆண்டு கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுப்பது என் வேலை. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. வகையிடவும் தொகையிடவும் நன்றாகவே தெரிந்துகொண்டு வருகிறார்கள். விடைக்குக் கீழே இரண்டு கோடு இழுப்பதுகூட ஒழுங்காக இருக்கிறது. எனக்கு ஒரே ஒரு விண்ணப்பம். பன்னிரண்டாம் வகுப்பின் 11-ஆம் பாடத்தில் கணித எதிர்பார்ப்பு வரும்போது, அட்டவணை போட்டு, மதிப்பையும் நிகழ்தகவையும் பெருக்கிக் கூட்டுவதோடு நிறுத்திவிடாதீர்கள். தன் இலக்கணத்துக்குள்ளேயே தான் மறுபடி வந்து நிற்கிற சமவாய்ப்பு மாறி ஒன்றையாவது பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அப்படிப்பட்ட மாறியின் எதிர்பார்ப்புக்கு ஒரு சமன்பாடு எழுதுவது மிக எளிது. அந்தச் சமன்பாட்டை எழுத நமக்கு எங்கிருந்து உரிமை வந்தது என்று கேட்பதுதான் கடினம். இரண்டையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

எடுத்துக்காட்டுக்கு அலைய வேண்டாம், தாயக்கட்டை இருக்கிறது. பித்தளைக் கட்டை இரண்டு. ஒவ்வொன்றுக்கும் நான்கு நீளப் பக்கம். ஒன்றில் ஒரு புள்ளி, ஒன்றில் இரண்டு, ஒன்றில் மூன்று, ஒன்று வெறுமை. இரண்டையும் உருட்டினால் 16 சமவாய்ப்புகள். கூட்டல் 1 வருவது, அதாவது தாயம், 2 வழிகளில். 2 வருவது 3 வழிகளில். 3 வருவது 4. 4 வருவது 3. 5 வருவது 2. 6 வருவது ஒரே வழியில். இரண்டும் வெறுமையாக விழுந்தால் அது 12, அதுவும் ஒரே வழி. ஊருக்கு ஊர், ஏன் வீட்டுக்கு வீடு விதி மாறும் என்று தெரியும். சோழியும் புளியங்கொட்டையும் வைத்து ஆடுகிற இடங்களில் வாய்ப்புகளே வேறு. நான் எடுத்துக்கொள்ளும் விதி பரவலாக இருப்பது: 1, 5, 6, 12 விழுந்தால் அதே ஆள் இன்னொரு முறை உருட்டலாம். 2, 3, 4 விழுந்தால் கட்டையை அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும்.

கேள்வி இது: கட்டை ஒருவர் கைக்கு வந்தால், அதைக் கைமாற்றுவதற்குள் அவர் சராசரியாக மொத்தம் எவ்வளவு போடுவார்?

அட்டவணை போட முயன்று பாருங்கள். மொத்தம் 2 வருவதற்கு ஒரே வழி. மொத்தம் 4 வருவதற்கு நேராக 4 விழலாம். தாயமும் 3-உம் விழலாம். தாயம், தாயம், பிறகு 2 விழலாம். மொத்தம் 7 என்றால் 5-உம் 2-உம். அல்லது மூன்று தாயத்துக்குப் பின் 4. நான்குக்குப் பின் 3. ஐந்துக்குப் பின் 2. அட்டவணைக்கு முடிவே கிடையாது, வரிகளும் நீண்டுகொண்டே போகின்றன. வகுப்பில் இந்த இடத்தில் ஐந்து நிமிடம் பிள்ளைகளைத் திணறவிடுவது நல்லது.

பிறகு சொல்லுங்கள்: அந்தச் சராசரியை எ என்று வைப்போம். முதல் உருட்டலை மட்டும் பார்ப்போம். ஓர் உருட்டலின் சராசரி, 2 + 6 + 12 + 12 + 10 + 6 + 12 எல்லாம் கூட்டி 16-ஆல் வகுத்தால், 60/16, அதாவது 3.75. மறுபடி உருட்டும் வாய்ப்பு 6/16, அதாவது 3/8. அந்த வாய்ப்பு கிடைத்துவிட்டால் அவர் நிலை என்ன? கட்டை இப்போதுதான் கைக்கு வந்ததுபோல. இனி அவர் போடப்போவதன் சராசரி அதே எ. ஆகவே எ = 3.75 + (3/8) எ. விடை எ = 6. முடிவில்லாத அட்டவணை ஒரு வரிச் சமன்பாட்டில் அடங்கிவிட்டது. விடையும் பின்னம் இல்லாமல் 6 என்று வந்து நிற்பதில் எனக்கு எப்போதும் ஒரு மகிழ்ச்சி உண்டு. தாயம் ஆடும் பாட்டிமார்களில் யாரும் இதைக் கணக்கிட்டிருக்கப் போவதில்லை. ஆனால் ஒரு முறைக்கு ஆறு கட்டம் என்று காயை எங்கே நிறுத்துவது என அவர்களுக்குக் கையே சொல்லும் என்று நினைக்கிறேன்.

இங்கேதான் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று எழுந்து கேட்கும்: “சார், மொத்தத்துக்குள்ளேயே மொத்தம் வருகிறதே, அது எப்படி?” இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்காதீர்கள். பாடத்தின் உயிரே அதுதான். மறுபடி உருட்டுகிறபோது வருவது பழைய மொத்தம் அல்ல. பழையதைப் போலவே பரவல் கொண்ட, முதல் உருட்டலைச் சாராத, புதிய ஒரு மொத்தம். எதிர்பார்ப்பு பரவலை மட்டும் பார்க்கிறது. யாருடைய மொத்தம், எப்போது போட்டது என்று அது கேட்பதில்லை. அதனால் இரண்டுக்கும் ஒரே எ. மாறிகள் வேறு, சராசரி ஒன்று.

இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாத பிள்ளை எதிர்பார்ப்பில் தப்பித்துவிடும், பரவற்படியில் மாட்டிக்கொள்ளும். ஓர் உருட்டலின் பரவற்படி 20.5 − 14.0625 = 6.4375. எதிர்பார்ப்புக்குச் செய்ததுபோலவே இதையும் 5/8-ஆல் வகுத்தால் 10.3 என்று வரும். அது தவறு. முறையாகச் செய்வதென்றால் மொத்தத்தின் வர்க்கத்தை விரித்து எழுத வேண்டும். முதல் உருட்டலின் வர்க்கத்துக்குச் சராசரி 20.5. இடையில் வரும் பெருக்கல் உறுப்புக்கு, மறுவாய்ப்புத் தரும் உருட்டல்களின் பங்கு 30/16. அதை 2-ஆலும் 6-ஆலும் பெருக்க 22.5. இங்கே சராசரிகளைப் பெருக்க முடிந்தது, புதிய மொத்தம் முதல் உருட்டலைச் சாராததால் மட்டுமே. மீதி, வர்க்கச் சராசரியின் 3/8 பங்கு. ஆக, 20.5-உம் 22.5-உம் சேர்ந்த 43-ஐ 5/8-ஆல் வகுத்தால் வர்க்கச் சராசரி 68.8, பரவற்படி 68.8 − 36 = 32.8. திட்ட விலக்கம் ஏறத்தாழ 5.7. சராசரியே 6 என்னும்போது விலக்கம் 5.7. தாயத்தில் கடைசிக் காய் பழமாகும்வரை யாரும் ஜெயித்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாமல் இருப்பதற்கு இந்த எண்ணும் ஒரு காரணம்.

இன்னொரு கணக்கும் செய்யச் சொல்லுங்கள். ஒரு முறையில் சராசரியாக எத்தனை உருட்டல்? அதே உத்தி: 1-உடன் அந்தச் சராசரியின் 3/8 பங்கு. விடை 1.6. இதை 3.75-ஆல் பெருக்கினால் 6. தற்செயல் இல்லை, ஆனாலும் கொஞ்சம் வியக்க வேண்டிய விஷயம். ஏனென்றால் உருட்டல்களின் எண்ணிக்கை, விழும் எண்களைச் சாராமல் இல்லை. கடைசி உருட்டல் எப்போதும் 2, 3, 4-இல் ஒன்று. அதன் சராசரி 3. அதற்கு முந்தியவை 1, 5, 6, 12-இல் ஒன்று. அவற்றின் சராசரி 5. எதற்கும் 3.75 சராசரி இல்லை. இருந்தும் 0.6 × 5 + 3 = 6 என்று கணக்கு நேராகிவிடுகிறது. இதற்கு வால்டு சமன்பாடு என்று பெயர். அடுத்து உருட்டுவதா நிறுத்துவதா என்ற முடிவை, இதுவரை விழுந்ததைப் பார்த்து எடுக்கலாம். இனி விழப்போவதைப் பார்த்து எடுக்கக் கூடாது. உருட்டல்களின் சராசரி எண்ணிக்கை முடிவுறு எண்ணாக இருக்க வேண்டும். இவ்வளவு இருந்தால் போதும், சராசரி எண்ணிக்கையையும் ஓர் உருட்டலின் சராசரியையும் பெருக்கிவிடலாம்.

ஆபிரகாம் வால்டு 1902-இல் அன்றைய ஆஸ்திரியா-ஹங்கேரியில், இன்று ருமேனியாவில் இருக்கும் க்ளூஜ் நகரில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருந்த புள்ளியியல் ஆய்வுக்குழுவில் வேலை செய்தார். எத்தனை மாதிரிகளைச் சோதிப்பது என்று முன்கூட்டியே எண்ணிக்கை வைக்காமல், சோதனை போகிற போக்கைப் பார்த்து நிறுத்தும் தொடர் பகுப்பாய்வு அவருடையது. அந்தச் சமன்பாடும் அந்த வேலையோடு பிறந்ததுதான். 1950-இல் இந்திய அரசின் அழைப்பில் விரிவுரைகள் நிகழ்த்த வந்தார். அந்த ஆண்டு டிசம்பர் 13 அன்று, அவரும் மனைவியும் பயணம் செய்த விமானம் நீலகிரி மலையில் மோதி இருவரும் இறந்தார்கள். கோத்தகிரியிலும் குன்னூரிலும் கணிதம் நடத்துகிறவர்கள் இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே ஒருமுறை பார்ப்பார்கள்.

இப்போது உரிமைக் கேள்விக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் விடுவதானால் உத்தியையே சொல்லிக்கொடுக்க வேண்டாம் என்பது என் கட்சி.

நாணயம் ஒன்றைச் சுண்டுங்கள். தலை விழுந்தால் 1 ரூபாய் வாங்கிக்கொண்டு போகலாம். பூ விழுந்தால் ஆட்டம் முதலிலிருந்து. ஆனால் இறுதியில் கிடைப்பது எதுவோ அது மும்மடங்காகும். சராசரி வரவு எ என்றால், எ = 1/2 + (3/2) எ. விடை எ = −1. கையிலிருந்து ஒரு பைசா போகாத ஆட்டத்தில் சராசரியாக ஒரு ரூபாய் நட்டம்! எந்த வரியில் தவறு என்று பிள்ளைகளைத் தேடவிடுங்கள். இயற்கணிதத்தில் தேடுவார்கள், அங்கே தவறு இல்லை. எ என்று ஒரு முடிவுறு எண் இருப்பதாக எடுத்துக்கொண்ட முதல் வாக்கியத்தில்தான் தவறு. உண்மையான கூட்டல் 1/2 + 3/4 + 9/8 + … என்று ஒவ்வோர் உறுப்பும் ஒன்றரை மடங்காகி எல்லையில்லாமல் போகிறது. மும்மடங்குக்குப் பதில் இருமடங்கு வைத்தால் சமன்பாடு எ = 1/2 + எ என்று ஆகி, தனக்கு விடை இல்லையென்று தானே ஒப்புக்கொள்ளும். அது பழைய புகழ்பெற்ற ஆட்டத்தின் சாயல்: நிக்கொலாஸ் பெர்னோலி 1713-இல் மோன்மோர் என்பவருக்கு எழுதிய கடிதத்தில் எழுப்பியது, டானியல் பெர்னோலி 1738-இல் பீட்டர்ஸ்பர்க் கல்விக்கழக வெளியீட்டில் விவாதித்தது. இருமடங்கு ஆட்டம் நேர்மையானது, உடனே எச்சரித்துவிடும். மும்மடங்கு ஆட்டம் ஏமாற்றுக்காரன். ஓர் எண்ணைக் கையில் கொடுத்து அனுப்பிவிடும். அந்த எண் குறை எண்ணாக வந்ததால் நாம் பிழைத்தோம்.

சமன்பாடு சொல்வது இவ்வளவுதான்: எதிர்பார்ப்பு முடிவுறு எண்ணாக இருந்தால் அது இந்த எண்தான். இருக்கிறதா என்பதை அது சொல்வதில்லை. அதைக் கண்டுபிடிக்கப் பள்ளிப் பிள்ளைக்கும் ஒரு வழி இருக்கிறது. மதிப்புகள் குறை எண்ணாகாத ஆட்டமென்றால், உருட்டல்களுக்கு ஒரு வரம்பு வைத்துப் பாருங்கள். தாயத்தில் ஒரே உருட்டல்தான் என்றால் சராசரி 3.75. இரண்டு வரை என்றால் 3.75 + (3/8) × 3.75 = 5.16. மூன்று வரை 5.68, நான்கு வரை 5.88. வரம்பைத் தளர்த்தத் தளர்த்த 6-ஐ நோக்கி ஏறுகிறது, தாண்டுவதில்லை. மும்மடங்கு நாணயத்துக்கு இதையே செய்தால் 0.5, 1.25, 2.375, 4.0625 என்று எகிறும். −1 இருக்கும் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்காது. கால்குலேட்டர் வைத்து இரண்டு நிமிட வேலை. பிறகு அட்டவணையில்லாமல் எழுதிய சமன்பாட்டை அந்தப் பிள்ளை தைரியமாக நம்பலாம்.

எண் கோட்டில் 1-இல் நிற்கும் ஒருவன், நாணயம் சுண்டி ஓர் அடி இடமோ வலமோ நகர்கிறான் என்ற கணக்கையும் சேர்த்துக்கொள்ளலாம். 0-க்கு வந்து சேரும் வாய்ப்பு வ என்றால், வ = 1/2 + (1/2) வ², ஏனென்றால் 2-க்குப் போய்விட்டால் இரண்டு படி இறங்க வேண்டும், ஒவ்வொரு படியும் முதல் கணக்கின் நகல். இருபடிச் சமன்பாட்டுக்கு ஒரே தீர்வு, வ = 1. கட்டாயம் வந்துவிடுவான். எத்தனை அடியில் என்று கேட்டால் எ = 1 + (1/2)(2எ) = 1 + எ. எந்த முடிவுறு எண்ணும் பொருந்தாது. வருவது உறுதி, ஆனால் சராசரிக் காத்திருப்புக்கு எல்லை இல்லை. இரண்டு சமன்பாடுகளும் கரும்பலகையில் அடுத்தடுத்து நிற்கட்டும்.

“பாடத்தில் வரையறை முதலில் வருகிறது, இதெல்லாம் பிறகு படிக்க வேண்டியது” என்று உங்களில் சிலர் சொல்லக்கூடும். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1654 ஜூலை 29 அன்று பாஸ்கல் ஃபெர்மாவுக்கு எழுதிய கடிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இருவர் ஆளுக்கு 32 பிஸ்டோல் நாணயம் கட்டி, மூன்று ஆட்டம் முதலில் வெல்பவர் எல்லாவற்றையும் எடுப்பது என்று ஆடுகிறார்கள். பாதியில் ஆட்டம் நின்றால் எப்படிப் பிரிப்பது? 2-1 என்று இருந்தால், அடுத்த ஆட்டத்தில் முந்தியவருக்கு 64 கிடைக்கும், அல்லது சமமாகி 32 கிடைக்கும். ஆகவே நடுவில் 48. 2-0 என்றால் 64 அல்லது இப்போது கண்ட 48, ஆகவே 56. 1-0 என்றால் 56 அல்லது 32, ஆகவே 44. நிகழ்தகவுப் பட்டியல் எதுவும் இல்லை. ஓர் அடி முன்னால் வைத்துப் பார்ப்பது மட்டுமே.

மூன்று ஆண்டு கழித்து, 1657-இல் வெளிவந்த ஹொய்கன்ஸின் சிறு நூல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதன் 14-ஆவது, கடைசிக் கருத்துரை: இருவர் இரண்டு பகடைகளை மாறிமாறி எறிகிறார்கள், முதலில் எறிபவர் 6 போட்டால் வெற்றி, மற்றவர், அதாவது நான், 7 போட்டால் வெற்றி. பாஸ்கலின் ஆட்டம் மூன்று வெற்றிக்குள் முடிந்துவிடும். இது எப்போது முடியும் என்று சொல்ல முடியாது, சுற்றிச்சுற்றி வரும். ஹொய்கன்ஸ் இரண்டு அறியாக்கணியங்களை வைக்கிறார்: அவர் எறியப்போகிறபோது என் நிலையின் மதிப்பு ஒன்று, நான் எறியப்போகிறபோது மற்றொன்று. முதலாவது, இரண்டாவதின் 31/36 பங்கு. இரண்டாவது, 1/6-உடன் முதலாவதின் 5/6 பங்கு. ஒன்றை மற்றதில் இட்டால் என் பங்கு 31/61. விகிதம் 31-க்கு 30. எண்ணற்ற தொடரைக் கூட்டாமல், தன்னையே குறிக்கும் சமன்பாட்டால் எதிர்பார்ப்பைப் பிடிப்பது இந்தத் துறையின் முதல் அச்சுநூலிலேயே இருக்கிறது. அட்டவணைதான் பிற்பாடு வந்த வசதி.

இரண்டு அறியாக்கணியம் என்றதும் நினைவுக்கு வரும் கணக்கு ஒன்று, மேலே உள்ளவை எல்லாவற்றையும்விட வகுப்பைச் சூடாக்கும். ஒரு நாணயத்தை, தொடர்ந்து தலை-தலை விழும்வரை சுண்டுகிறோம். இன்னொன்றைத் தலை-பூ விழும்வரை. எது சீக்கிரம் வரும்? எந்த இரு அடுத்தடுத்த சுண்டலிலும் இரண்டுக்கும் வாய்ப்பு 1/4 என்பதால் வகுப்பு முழுக்க “சமம்” என்று சொல்லும். தலை-பூவுக்குச் சராசரி 4 சுண்டல். முதல் தலைக்கு 2, அதன் பிறகு முதல் பூவுக்கு 2. தலை-தலைக்கோ 6. ஒரு தலை கையில் இருக்கும் நிலையின் மதிப்பைத் த என்று தனியாக ஓர் அறியாக்கணியமாக வைத்தால் எ = 1 + எ/2 + த/2, த = 1 + எ/2; விடை 6. தலை-பூவுக்குக் காத்திருப்பவனுக்கு இடையில் இன்னொரு தலை விழுந்தாலும் நட்டமில்லை, அது புதிய தொடக்கம். தலை-தலைக்குக் காத்திருப்பவனுக்கு ஒரு பூ எல்லாவற்றையும் கலைத்துவிடும்.

இதிலிருந்து, எந்த நேரத்தில் ஒரே அறியாக்கணியம் போதாது என்பதும் தெளியும். சில வீடுகளில் தாயம் ஆடும்போது, தொடர்ந்து மூன்று முறை ஒரே எண் விழுந்தால் போட்டது அத்தனையும் செல்லாது என்பார்கள். அந்த விதியைச் சேர்த்தவுடன் என் எ = 3.75 + (3/8) எ செத்துப்போகிறது. இரண்டாவது உருட்டலுக்கு முதல் உருட்டலின் நினைவு இருக்கிறது. கட்டை இப்போதுதான் கைக்கு வந்ததுபோல என்று சொல்ல முடியாது. எந்தெந்த நினைவு முக்கியமோ அத்தனை நிலைகளுக்கும் ஓர் அறியாக்கணியம் வேண்டும். சமன்பாட்டுத் தொகுப்பைத் தீர்க்க அணிகள் பாடத்தை நீங்கள் ஏற்கெனவே நடத்திவிட்டீர்கள்; அது எதற்குப் பயன்படும் என்று கேட்கிற பிள்ளைக்கு இது பதில்.

கணினி அறிவியலுக்குப் போகும் பிள்ளைகள் முதல் ஆண்டே இதைச் சந்திப்பார்கள். டோனி ஹோர் 1960-களின் தொடக்கத்தில் வெளியிட்ட குவிக்சார்ட்டில், பட்டியலிலிருந்து ஓர் எண்ணை எடுத்து, சிறியவை ஒரு பக்கம் பெரியவை ஒரு பக்கம் என்று பிரித்து, இரு பக்கத்தையும் அதே வழியில் வரிசைப்படுத்த வேண்டும். ஒப்பீடுகளின் எண்ணிக்கை தன் இலக்கணத்துக்குள்ளேயே இரண்டு முறை வருகிறது. எடுக்கும் எண் சமவாய்ப்பில் எடுக்கப்பட்டால், 1,000 எண்களுக்குச் சராசரி ஏறத்தாழ 10,986 ஒப்பீடுகள். மோசமான நாளில் 4,99,500.

தேர்வில் கேட்கமாட்டார்களே என்பீர்கள். கேட்கமாட்டார்கள்தான். ஆனால் ஈருறுப்புப் பரவல் கணக்குகளைப் பத்து முறை செய்வித்து, பதினொன்றாவதாகவும் அதே வகைக் கணக்கைக் கொடுக்கும் பாடவேளை ஒன்று உங்கள் அட்டவணையில் கட்டாயம் இருக்கும். அதைத்தான் கேட்கிறேன்.

அந்த வேளைக்கு ஒரு வீட்டுக்கணக்கும் சேர்த்து அனுப்புகிறேன். தாயம் விழுந்தால்தான் காய் இறக்க முடியும். தாயம் விழ சராசரியாக எத்தனை உருட்டல் வேண்டும்? வாய்ப்பு 1/8, ஆகவே 8. எத்தனை முறை கட்டை கைக்கு வர வேண்டும்? ஒரு முறையில் தாயம் விழும் வாய்ப்பு ப என்றால், ப = 1/8 + (1/4) ப, ஏனென்றால் 5, 6, 12 விழுந்தால் இன்னொரு உருட்டு உண்டு. ப = 1/6; ஆகவே 6 முறை. ஒரு முறைக்கு 1.6 உருட்டல் என்று முன்பே கண்டோம் என்று சொல்லி, 8-ஐ 1.6-ஆல் வகுத்து 5 என்று விடை எழுதும் பிள்ளை வகுப்புக்கு ஒன்றாவது இருக்கும். உடனே திருத்தாதீர்கள். 6 முறை என்றால் 9.6 உருட்டல் ஆகிறதே, மீதி 1.6 எங்கே போயிற்று என்று மட்டும் கேளுங்கள். தாயம் விழுந்த பிறகும் கட்டை அவன் கையில்தான் இருக்கிறது என்பதை அவனே சொல்வான்.

அன்புடன்,
ஒரு கல்லூரிப் புள்ளியியல் ஆசிரியர்